சிங்கப்பூர்ல போன் லைன் எப்படி இவ்வளவு சல்லிசாச்சு, இனிமே ஏறுமா?

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடிச்சிட்டு இங்க வேலைக்கு வரப்போற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார். "அண்ணே, அவ்ளோண்டு ஊருல எப்படி இத்தனை போன் கம்பெனி, டீ கூட நம்ம ஊரு காசுக்கு மலைப்பா இருக்கிற இடத்துல டேட்டா மட்டும் எப்படி 10 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) கிடைக்குது, எம்1 கம்பெனிய சிம்பா வாங்கப்போகுதுன்னு படிச்சேன், அப்படி வாங்கினா ரேட் ஏறுமா, நான் வந்து இறங்கினதும் எந்த சிம் எடுக்கிறது". கேள்வி நாலு இருந்தாலும் பதில் எல்லாம் ஒரே இடத்துல போய் முட்டும், அதனால கொஞ்சம் பழைய கதையில இருந்து ஆரம்பிக்கிறேன், பொறுமையா படி.

நான் இங்க வந்து 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. கேபிள் இழுக்கிற வேலையில ஆரம்பிச்சு, ஃபைபர் ஸ்ப்ளைசிங், அதாவது கண்ணாடி நார ஒட்டுற வேலை பண்ணி, இப்ப நெட்வொர்க் பிளானிங் பக்கம் உக்காந்திருக்கேன். அதனால நான் சொல்றதுல பாதி மேன்ஹோலுக்குள்ள இருந்து பாத்தது, மீதி ஆபீஸ்ல உக்காந்து புரிஞ்சுகிட்டது.

நம்ம டெல்டா பக்கம் தலைமடை கடைமடைன்னு சொல்லுவோம்ல, வாய்க்கால் தலைப்புல நிலம் வச்சிருக்கவனுக்குத்தான் முதல் தண்ணி, அவன் மனசு வச்சாத்தான் கடைசி வயலுக்கு ஈரம். இங்க சிங்டெல்ங்கிற பழைய போன் கம்பெனிதான் தலைமடைக்காரர், அதுவும் ஆரம்பத்துல வாய்க்காலே அவருடையது. மொதல்ல அது அரசாங்க வாரியமா இருந்துச்சு, 1992ல கம்பெனியா மாத்தினாங்க, 1993ல பங்குச்சந்தைக்கு கொண்டு வந்தாங்க. அப்ப குடிமக்களுக்கு தள்ளுபடி விலையில பங்கு கொடுத்தாங்க, இன்னைக்கும் இங்க உள்ள வயசானவங்க நிறைய பேர் கிட்ட அந்த சிங்டெல் பங்கு இருக்கும், வித்திருக்க மாட்டாங்க. தெருவுக்கடியில கேபிள் போற குழாய் (டக்ட்), எக்ஸ்சேஞ்ச் கட்டடம், வீட்டுக்குள்ள வர்ற செம்புக் கம்பி, எல்லாம் அப்ப அவங்களோடது. இப்படி இருக்கிற ஊர்ல போட்டிய கொண்டு வரணும்னா எப்படி கொண்டு வருவ?

முதல் முயற்சி, இன்னொரு மொபைல் கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுத்தது. 1997 ஏப்ரல்ல எம்1 வந்துச்சு. அப்புறம் 2000 ஏப்ரல் 1ஆம் தேதி சந்தைய முழுசா திறந்து விட்டாங்க, அதே நாள் ஸ்டார்ஹப்னு மூணாவது கம்பெனி கடை திறந்தது. இதுல பலருக்கு தெரியாத விஷயம், சிங்டெல்லுக்கு அரசாங்கம் முதல்ல 2007 வரைக்கும் தனியுரிமை கொடுத்திருந்துச்சு, அதை முன்னாடியே முடிக்கிறதுக்கு 150 கோடி வெள்ளி நஷ்ட ஈடு கொடுத்தாங்க, பின்னாடி கணக்கு பாத்து கூடுதலா கொடுத்துட்டோம்னு அதுல ஒரு பகுதிய திருப்பி வாங்கினாங்க. ஒரு வாக்கு கொடுத்தா மீறுறதுக்கும் காசு கட்டுறாங்க பாரு, வெளிநாட்டுக்காரன் இங்க நம்பி பணம் போடுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனா மூணு கம்பெனி வந்ததும் விலை சரிஞ்சிடுச்சான்னா, ஓரளவுக்குத்தான். வர்ற காலுக்கும் காசு பிடிக்கிற வழக்கம் இங்க ரொம்ப காலம் இருந்துச்சு, நம்ம ஊர்ல 2003ல அது ஒழிஞ்சப்புறமும் இங்க "ஃப்ரீ இன்கமிங்"னு தனியா விளம்பரம் போட்டு விப்பாங்க. ஏன் மூணு பேரும் வெட்டிக்கிட்டு சாகலன்னா, பங்கு யார் கிட்ட இருக்குன்னு பாரு. சிங்டெல்ல சுமார் பாதி டெமாசெக், அதாவது அரசாங்கத்தோட முதலீட்டு கம்பெனி. ஸ்டார்ஹப்ல பெரும்பங்கு எஸ்டி டெலிமீடியா, அதுவும் டெமாசெக் வீட்டுப் பிள்ளை. எம்1ல கெப்பல்ங்கிற குழுமம், அதுலயும் டெமாசெக் பெரிய பங்குதாரர். மூணு கம்பெனிக்கும் தனித்தனி நிர்வாகம் தனித்தனி கணக்கு, பேசி வச்சிகிட்டு விலை வச்சாங்கன்னு நான் சொல்லல, அப்படி யாரும் நிரூபிச்சதும் இல்ல. ஆனா ஒரே தாத்தாவோட மூணு பேரன்கள் பக்கத்து பக்கத்து வயல்ல இருந்தா வரப்பு சண்டை எவ்வளவு தூரம் போகும்னு நம்ம ஆளுங்களுக்கு சொல்லித்தர வேண்டியதில்ல. நடுவுல 2001ல வர்ஜின் மொபைல் சிங்டெல் கூட கூட்டு வச்சு வந்து பாத்தாங்க, அடுத்த வருஷமே மூட்டை கட்டிட்டாங்க.

அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க ஊருக்கு பேசின கதை தனிக்கதை. ஞாயிறு சாயங்காலம் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் போனா போன் கார்டு விக்கிற கடைங்கள்ல கூட்டம் தாங்காது, கார்டுல அச்சடிச்ச நிமிஷம் ஒண்ணு, பேச கிடைக்கிற நிமிஷம் வேற, அம்மா அப்பத்தான் அழ ஆரம்பிப்பாங்க, லைன் கட்டாயிடும். இன்னொரு பக்கம் 2002லயே சிங்டெல்லும் பார்தியும் சேந்து சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேரா கடலடி கேபிள் போட்டாங்க, ஐடுஐன்னு பேரு, 3,000 கிலோமீட்டருக்கு மேல நீளம், நொடிக்கு 8.4 டெராபிட் அளவுக்கு தாங்கும்னு டிசைன். அவ்வளவு பெரிய குழாய் கடலுக்கடியில கிடக்கு, மேல நாங்க கார்ட சுரண்டி நம்பர் அழுத்திகிட்டு இருந்தோம். தண்ணி இருக்கிறது வேற, மடை திறக்கிறது வேற. (ஏர்டெல்ல சிங்டெல் 2000ல இருந்தே பங்கு வச்சிருக்கு, இன்னைக்கும் பெரிய பங்குதாரர்தான். நீ ஊர்ல ஏர்டெல்லுக்கு ரீசார்ஜ் பண்ற காசுல ஒரு துளி இங்க வருது.)

சரி, மடை எப்ப திறந்துச்சுன்னா, என் கணக்குப்படி வீட்டு ஃபைபர்ல. இதைத்தான் நான் ரசிச்சு சொல்லுவேன், ஏன்னா இதுலதான் நான் வேர்வை சிந்தினது.

2008, 2009 வாக்குல அரசாங்கம் முடிவு பண்ணிச்சு, நாடு முழுக்க வீட்டுக்கு வீடு ஃபைபர் போடுவோம், ஆனா போடுறவனே விக்கக்கூடாதுன்னு. மொத்தத்தையும் மூணு அடுக்கா பிரிச்சாங்க. அடியில வெறும் கண்ணாடி நார், அதை போட்டு பராமரிக்கிறது ஒரு கம்பெனி, அப்ப அதுக்கு பேரு ஓப்பன்நெட். அதுக்கு மேல மெஷின் வச்சு சிக்னல் ஏத்துறது இன்னொரு கம்பெனி, அது நியூக்ளியஸ் கனெக்ட்னு ஸ்டார்ஹப்போட துணை நிறுவனம். அதுக்கும் மேல உனக்கும் எனக்கும் பிளான் விக்கிற கடைக்காரங்க, யார் வேணா வரலாம், எல்லாருக்கும் ஒரே மொத்த விலை. அரசாங்கம் அடி அடுக்குக்கு 75 கோடி, நடு அடுக்குக்கு 25 கோடி, ஆக 100 கோடி வெள்ளி வரைக்கும் மானியம் கொடுத்துச்சு. 2012 நடுவுல 95 சதவீத வீட்டுக்கு நார் போயாச்சு.

சொல்றப்ப ஈஸியா இருக்கு. அடுக்குமாடி புளோக் புளோக்கா ஏறி இறங்கினது எங்களுக்குத்தான் தெரியும். முதல் தடவை போடுறது இலவசம், அப்பவும் சில வீட்டுல உள்ள விட மாட்டாங்க, கேபிள மூடுற டிரங்கிங் அடிச்சா ஹால் அழகு கெட்டுடும்னு ஒரு அம்மா, சாமி ரூம் சுவத்துல ஓட்டை போடாதேன்னு இன்னொரு வீடு, பூட்டின வீடு வேற. லைன் கேட்டவங்களுக்கு கனெக்‌ஷன் கொடுக்கிறதுல தாமதம்னு ஓப்பன்நெட்டுக்கு அப்ப இருந்த ரெகுலேட்டர் ஐடிஏ, அதாவது போன் கம்பெனிங்கள கண்காணிக்கிற அரசு அமைப்பு, அபராதமே போட்டுச்சு. ஓப்பன்நெட்ல சிங்டெல்லுக்கும் பங்கு உண்டு, டக்ட் வேற சிங்டெல்லோடது, அதனால "வாய்க்கால பொதுவாக்கிட்டோம்னு சொல்றீங்க, மடை சாவி இன்னும் பழைய பண்ணையார் இடுப்புலதானே இருக்கு"ன்னு மத்த கம்பெனிங்க கத்திகிட்டே இருந்தாங்க, அது நியாயமான கத்தல்தான். கடைசியில ஓப்பன்நெட்டு, டக்ட் எல்லாம் வச்சுக்கிறதுக்குன்னு சிங்டெல் ஆரம்பிச்ச நெட்லிங்க் டிரஸ்ட்டுக்குள்ள போச்சு, 2017 ஜூலைல அதை பங்குச்சந்தையில வித்து, சிங்டெல்லோட பங்கு கால்வாசிக்கும் கீழ வந்துச்சு. அப்பத்தான் சாவி நிஜமா கைமாறினது.

இப்ப நிலைமை என்னன்னா, ஒரு வீட்டு நாருக்கு நெட்லிங்க் வாங்குற மொத்த விலை மாசம் 13.50 வெள்ளி, இதை ரெகுலேட்டர் நிர்ணயம் பண்றாங்க, பெரிய கம்பெனிக்கும் அதே, நேத்து ஆரம்பிச்ச கம்பெனிக்கும் அதே. இதனால என்னாச்சுன்னா 2014 ஜனவரில மைரிபப்ளிக்னு ஒரு சின்ன கம்பெனி 1 ஜிபிபிஎஸ் (நொடிக்கு ஒரு கிகாபிட் வேகம்) லைன 49.99 வெள்ளிக்கு விட்டான். அதுக்கு முன்னாடி அந்த வேகம் சாதாரண குடும்பம் நெனச்சுக்கூட பாக்காத ரேட்டு. ஒரு மீட்டர் கேபிள் கூட புதைக்காத ஆளு போட்ட விலைக்கு தெரு முழுக்க தோண்டினவங்க எல்லாம் இறங்கி வரவேண்டியதா போச்சு. இதுதான் பிரிச்சு வைக்கிறதோட பலன். இப்ப 10 ஜிபிபிஎஸ் வீட்டு பிளானே விக்குது, அதுக்கு நெட்வொர்க்க மேம்படுத்த 10 கோடி வெள்ளி வரைக்கும் தர்றோம்னு 2024ல அரசாங்கம் சொல்லிச்சு. அவ்வளவு வேகம் வீட்டுல எதுக்குன்னு என்னைக் கேட்டா, பெரும்பாலான வீட்டுக்கு தேவையே இல்ல, வைஃபை பெட்டியே அவ்வளவு கொடுக்காது. விக்கிறவன் விப்பான், உனக்கு 1 ஜிபிபிஎஸ்ஸே கண்ணுக்கு நிறையும்.

மொபைல்ல இப்படி அடுக்கு பிரிக்கல, டவரும் அலைக்கற்றையும் அவங்கவங்களோடது. அதனால அங்க வேற ரெண்டு வழியில உடைச்சாங்க. ஒண்ணு, நம்பர மாத்தாம கம்பெனி மாறுறது, 2008 ஜூன்ல முழுசா வந்துச்சு. இன்னொண்ணு வெளியாள உள்ள விட்டது. 2016 மே மாசம் சர்க்கிள்ஸ் லைஃப்னு ஒருத்தன் வந்தான், டவர் கிடையாது, கடை கிடையாது, எம்1 கிட்ட வாடகைக்கு எடுத்து ஆப்லயே விக்கிறவன், எம்விஎன்ஓன்னு சொல்ற வகை. அடுத்த வருஷம் அடிப்படை பிளானுக்கு மேல கூடுதல் 20 ஜிபிய 20 வெள்ளிக்கு போட்டான். ரெண்டு வருஷ கான்ட்ராக்ட், 3 ஜிபி 4 ஜிபி, தாண்டினா பில்லு எகிறும்னு பழகி இருந்த ஊருக்கு இது பெரிய அதிர்ச்சி. 2019ல சிங்டெல் கோமோன்னு ஒரு பேர்லயும் ஸ்டார்ஹப் கிகான்னு ஒரு பேர்லயும் அதே மாதிரி சல்லிசு கடை தனியா திறந்தாங்க, சொந்தப் பேர்ல விலைய குறைச்சா பழைய வாடிக்கையாளர் எல்லாம் கேப்பாங்களே, அதனால வேற போர்டு.

அதுக்குள்ள இன்னொரு ஆளு வேலிய தாண்டிட்டான். நாலாவது லைசென்ஸ் ஏலம் 2016 டிசம்பர்ல நடந்துச்சு, ஆஸ்திரேலியாவுல இருந்து டிபிஜி 10.5 கோடி வெள்ளிக்கு எடுத்தாங்க, அந்த மைரிபப்ளிக்கும் போட்டியில இருந்து தோத்துச்சு. டிபிஜி கொஞ்ச நாள் இலவசமா விட்டு பழக்கிட்டு, 2020ல 50 ஜிபி 10 வெள்ளின்னு கடைய திறந்தாங்க. 2022ல பேர சிம்பான்னு மாத்திட்டாங்க, ஆஸ்திரேலிய பங்குச்சந்தையில இருக்கிற டுவாஸ்ங்கிற கம்பெனிதான் இப்ப முதலாளி. இவங்களுக்கு தாத்தா வீட்டு சொந்தம் எதுவும் இல்ல பாரு, பழைய லாபத்த காப்பாத்தணுங்கிற கவலையும் இல்ல, அதான் இப்படி அடிக்க முடிஞ்சது. டார்மிட்டரில இருக்கிற நம்ம பசங்க, வீட்டு வேலை பாக்கிற அக்காங்க, மாணவர்கள், இவங்கதான் முதல்ல மாறினது.

மூணு நெட்வொர்க் தாங்குற ஊர்ல நாலு வந்தா யாருக்காவது மூச்சு முட்டும். 60 லட்சம் பேர், சுமார் 735 சதுர கிலோமீட்டர், இதுல மொபைல் இணைப்பு எண்ணிக்கை மக்கள்தொகைய விட ஒன்றரை மடங்குக்கு மேல ஏற்கனவே ஆயாச்சு. புதுசா பிடிக்க ஆளே இல்ல, அடுத்தவன் கிட்ட இருந்து பறிக்கணும். அதான் 5ஜி வந்தப்ப நாடு தழுவிய லைசென்ஸ் ரெண்டே ரெண்டு, 2020ல ஒண்ணு சிங்டெல்லுக்கு, இன்னொண்ணு ஸ்டார்ஹப்பும் எம்1உம் கூட்டு சேந்து, அந்தக் கூட்டு கம்பெனிக்கு ஆன்டினான்னு பேரு. கடையில போட்டி, கூரை மேல கூட்டு குடித்தனம். சிங்டெல் 2022 ஜூலைலயே 95 சதவீதம் 5ஜி கவரேஜ்னு சொல்லிட்டாங்க, ஆனா அதுக்குன்னு ஜனங்க கூட காசு கொடுத்தாங்களான்னா அப்படி ஒண்ணும் இல்ல, 4ஜி ரேட்டுக்கே 5ஜி ஆயிடுச்சு. சிங்டெல்லுக்கு ஏர்டெல், ஆஸ்திரேலியாவுல ஆப்டஸ், தாய்லாந்து இந்தோனேசியா பிலிப்பைன்ஸ்னு வெளிய வரும்படி இருக்கு, தாங்கும். ஸ்டார்ஹப்புக்கும் எம்1க்கும் இந்த 60 லட்சம் பேரு தான் வயலு.

இப்ப உன் முக்கியமான கேள்வி. 2025 ஆகஸ்ட்ல கெப்பல் எம்1ஓட டெலிகாம் தொழில சிம்பாவுக்கு 143 கோடி வெள்ளி மதிப்புக்கு விக்கிறதா அறிவிச்சாங்க, ரெகுலேட்டர் ஐஎம்டிஏ ஒத்துகிட்டாத்தான்னு நிபந்தனையோட. அதே மாசத்துல ஸ்டார்ஹப் மைரிபப்ளிக் பிராட்பேண்ட்ல மிச்ச பங்கையும் வாங்குறோம்னு சொன்னாங்க, பெரும்பங்கு ஏற்கனவே அவங்க கையில. ரெண்டையும் பக்கத்துல வச்சு பாரு. வீட்டு ஃபைபர் விலைய உடைச்சவனும் மொபைல் விலைய உடைச்சவனும் ஒரே மாசத்துல பெரிய வீட்டோட சம்பந்தம் பேசினாங்க, ஒருத்தன் பொண்ணா போறான், ஒருத்தன் மாப்பிள்ளையா வர்றான்.

ரேட் ஏறுமான்னா என் கருத்து இது. அடிமட்ட 10 வெள்ளி பிளான் உடனே காணாம போகாது, சின்ன சின்ன எம்விஎன்ஓ நிறைய இருக்காங்க, நம்பர் மாத்தாம ஓடிடலாம், கான்ட்ராக்டும் இல்ல, ஏத்தினா ஜனம் ஓடிடும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா இன்னும் இறங்கும்னு எதிர்பாக்காத. நாலு டவர்காரங்க மூணானா, எம்விஎன்ஓவுக்கு வாடகைக்கு விடுறது அந்த மூணு பேருதான், அந்த வாடகைய கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினா சின்னவங்க தானா ஒதுங்குவாங்க, யாரும் சண்டையே போட வேண்டாம். இந்த ஊர்ல விலை இறங்கினது எல்லாம் ரெகுலேட்டர் யாரோ ஒருத்தர் கையில இருந்து எதையோ புடுங்கி பொதுவுல வச்சப்பதான், இல்லேன்னா இழக்க ஒண்ணும் இல்லாத வெளியாளு உள்ள வந்தப்பதான். எம்1ஐ வாங்கினா சிம்பாவுக்கு இழக்கிறதுக்கு நிறைய இருக்கும், கடனும் இருக்கும். நேத்து வரைக்கும் கடைமடையில கிடந்தவன் தலைமடைக்கு வந்துட்டா தண்ணி விஷயத்துல அவன் பேச்சு மாறும், அதுல அவன குத்தம் சொல்லவும் முடியாது. மொத்த வாடகைக்கு ஃபைபர் மாதிரி ஒரு கட்டுப்பாடு வச்சா மட்டும்தான் நான் நிம்மதியா இருப்பேன்.

சல்லிசுல இன்னொரு பக்கமும் இருக்கு, ரேட்டு குறைஞ்சு போன கம்பெனி பராமரிப்புல கை வைக்குமோன்னு எங்களுக்குள்ள எப்பவும் ஒரு பயம். அதுக்குத்தான் ரெகுலேட்டர் பிரம்பு வச்சிருக்கு. 2013ல புக்கிட் பாஞ்சாங் எக்ஸ்சேஞ்ச்ல தீ பிடிச்சதுக்கு சிங்டெல்லுக்கு 60 லட்சம் வெள்ளி அபராதம், அதே வருஷம் ஆரம்பத்துல எம்1 மூணு நாள் படுத்ததுக்கு 15 லட்சம், 2024 அக்டோபர்ல லேண்ட்லைன் போய் 995, 999 அவசர நம்பரே தடைபட்டதுக்கு சிங்டெல்லுக்கு மறுபடி 10 லட்சம். லாபத்தோட ஒப்பிட்டா சில்லறைதான், ஆனா பேப்பர்ல பேரு நாறுறதுக்கு இங்க பயப்படுவாங்க.

கடைசியா, நீ வந்து இறங்கினதும் என்ன பண்ணணும். ஏர்போர்ட்லயே டூரிஸ்ட் சிம் பெருசா வாங்காத, ரெண்டு மூணு நாளைக்கு வர்ற சின்ன ப்ரீபெய்டு போதும். வேலை பர்மிட் கார்டு கைக்கு வந்ததும் சிம் ஒன்லி பிளான் எடு, ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்ல போன் ஃப்ரீன்னு ஆசை காட்டுவாங்க, கூட்டி கழிச்சு பாத்தா ஃப்ரீ ஒண்ணும் இருக்காது. ஒருத்தர் பேர்ல ப்ரீபெய்டு சிம் மூணுதான், 2014ல இருந்தே அப்படித்தான். அதுல ஒண்ண "சும்மா உன் பேர்ல எடுத்துக் கொடு, 50 வெள்ளி தர்றேன்"னு யாராவது கேப்பாங்க, நம்ம ஊரு ஆளாவே இருப்பாங்க, கொடுத்துடாத. 2025 ஜனவரில இருந்து அது தனி குற்றம், ஜெயில் வரைக்கும் போகும், வேலையும் போயிடும். முன்னாடி பிளஸ் குறியோட வர்ற கால் வெளிநாட்டு கால், போலீஸ் பேசுறோம் பேங்க் பேசுறோம்னு பிளஸ் 65லயே வந்தாலும் நம்பாத, உள்ளூர் காலுக்கு அந்த பிளஸ்ஸே வராது. ஊரு நம்பர கட் பண்ணாம குறைஞ்சபட்ச ரீசார்ஜ்ல உயிரோட வச்சுக்க, பேங்க் ஓடிபிக்கு வேணும்.

எந்த கம்பெனின்னு மட்டும் என் கிட்ட கேக்காத. ஊரு முழுக்க எல்லாமே நல்லா எடுக்கும், பிரச்சனை எல்லாம் கட்டடத்துக்குள்ளயும் பேஸ்மென்ட்லயும்தான், அது புளோக்குக்கு புளோக் மாறும். டார்ம்ல கட்டில் ஒதுக்கினதும் பக்கத்து கட்டில் ஆளுங்க என்ன சிம் வச்சிருக்காங்கன்னு கேளு, அவங்க போன்ல ஹாட்ஸ்பாட் வாங்கி, ராத்திரி பத்து மணிக்கு எல்லாரும் வீட்டுக்கு பேசுற நேரமா பாத்து, படுத்துகிட்டே அம்மாவுக்கு ஒரு வீடியோ கால் போட்டுப் பாரு. யாரோட லைன்ல அம்மா முகம் நிக்காம ஓடுதோ அதை எடு.